பக்கத்து நாற்காலியின் கையுறை

பனிப்பெட்டியிலிருந்து வந்த கையுறை உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

தையல்காரிக்கு அது முதலில் உறைக்கவில்லை. காலையில்தான் அவள் கணவர் அதை வீட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார். வெளியே தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர். உள்ளேயோ, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல ஒரு சூடு. இடது கையுறையில் அது இல்லை, காலுறைகளிலும் இல்லை. வலது கையில் மட்டும்.

“என்னம்மா, குளிர் தாங்கலையா?” என்றாள் சிஸ்டர், மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டியபடி.

“இல்ல சிஸ்டர், பழகிடுச்சு.”

“குளிர்ல ரத்தக் குழாய் சுருங்கும். மருந்து விரல் நுனி நரம்புக்கு அவ்வளவா போகாது. ஆனா இத மட்டும் நம்பி இருக்கக் கூடாதும்மா. மரத்துப்போனா, சுருக்குசுருக்குன்னு குத்தினா, பட்டன் போட வரலேன்னா அன்னிக்கே சொல்லணும். டாக்டர் பார்த்து அளவை மாத்துவார். ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல சிஸ்டர்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரியும். வலது கையில் சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் ஒரு விரல் செத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தவை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான். அந்த இரண்டும்தான் அவளுக்குச் சோறு போட்டவை. துணியின் ஓரத்தை அவற்றுக்கு நடுவே வைத்து மெல்லத் தேய்த்தாளென்றால், இழை எப்படி, நனைத்தால் சுருங்குமா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் புற்றுக்கட்டி திரும்பி வரும் என்று அவளாகவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அந்தக் கையுறை அவளுடையதும் அல்ல. பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்ட அக்காவுடையது. கேலிக்காரி. தையல்காரி மடியில் வைத்து ஏதாவது ஓரம் மடித்துக்கொண்டிருந்தால் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

“என்ன கைடி உன் கை! என் விரலையெல்லாம் யாரோ கழட்டிட்டுப் போன மாதிரி இருக்கு. உன்னோடதக் கொஞ்சம் குடேன்.”

“எடுத்துக்கோங்கக்கா,” என்று இவளும் சிரித்தாள்.

அந்த அக்காவும் சிஸ்டரிடம் கடைசிவரை ஒண்ணுமில்ல என்றே சொன்னவள். ஒருநாள் கையுறைகளை இவள் மடியில் போட்டு, “எனக்கு இனிமே எதுக்கு,” என்றாள். அடுத்த முறை வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மருந்து சொட்டத் தொடங்கியது. கணவர் டீ குடிக்கக் கீழே போனார். வெளியே மழை கட்டிக்கொண்டு வந்ததில் மத்தியானமே சாயங்காலமாகிவிட, ஸ்பிரிட் வாடையும் ஈரக்குடை வாடையும் கலந்து கிடந்த அந்த நீண்ட அறையில், மருந்து எந்திரம் நிதானமாகக் கிளிக் கிளிக்கென்று தள்ளிக்கொண்டிருக்க, கோடியில் யாரோ தூக்கத்தில் இருமுவது ஏதோ மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது. காலியான நாற்காலியின் மேல் ஜன்னல் திரையின் நிழல் விழுந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கையுறைக்குள் ஏதோ நகர்ந்தது.

முன்பும் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நகர்ந்திருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டி அடக்கியிருக்கிறாள். இன்று அடக்க முடியவில்லை. அவள் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் இருந்தன. மெலிந்தவை. வெதுவெதுப்பானவை. அவை செத்த விரல்களை ஒதுக்கிவிட்டு, தேடிக்கொண்டு, உயிரோடிருந்த ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்து, அதன் நுனியைப் பிடித்து உருட்டின.

கழற்றிவிட வேண்டும். கழற்றினால் மருந்து நரம்பைத் தின்றுவிடும். கழற்றாவிட்டால் இது தின்றுவிடும். அவளுக்கு அழுகை வந்தது.

நுனியில் உணர்வு மங்கியது. அப்புறம் இல்லை.

பிடி கட்டைவிரலுக்கு நகர்ந்தது.

இடது கையும் உறைக்குள். பட்டையைப் பிரிக்க விரலில்லை. பல்லால் கடித்தாள். இழுத்தாள். உள்ளேயிருந்து இறுக்கியது. விடவில்லை. மறுபடி இழுத்தாள். பட்டை கிழிந்தது.

“சிஸ்டர்!”

கையுறை பக்கத்துத் தட்டில், விரித்திருந்த துவாலை மேல் விழுந்தது. தட்டையாக. காலியாக.

சிஸ்டர் ஓடி வந்தாள். “ஏம்மா கழட்டுனீங்க?”

“மரத்துப்போச்சு சிஸ்டர். ரொம்ப நாளாவே. நான் சொல்லல. என் தப்புதான். என் கையக் காப்பாத்துங்க.”

சிஸ்டர் திட்டவில்லை. எந்திரத்தை நிறுத்தினாள். டாக்டருக்கு ஆளனுப்பினாள். பஞ்சும் ஒரு புது ஊசியும் எடுத்து எதிரே உட்கார்ந்தாள்.

“பயப்படாதீங்க. கண்ண மூடுங்க. எந்த விரலத் தொடறேன்னு சொல்லுங்க.”

மூடினாள். காத்திருந்தாள். மழை பெய்யத் தொடங்கியிருந்தது. ஸ்பிரிட் வாடை கிட்டத்தில் வந்தது. கிளிக் சத்தம் இல்லாதது பெரிதாகக் கேட்டது. இன்னும் காத்திருந்தாள்.

“தொடுங்க சிஸ்டர்.”

விரல்களை விரித்து நீட்டினாள்.

“தொடுங்களேன்.”

“தொட்டுக்கிட்டுதான்மா இருக்கேன்.” சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்தாள். “குத்திக்கூடப் பார்த்துட்டேன்.”

கண்ணைத் திறந்தாள். அவள் கை சிஸ்டரின் உள்ளங்கையில் கிடந்தது. ஐந்து நுனியிலும் சின்னச் சின்னதாக ரத்தப் பொட்டு. வலி இல்லை. யாருடைய கையோ.

சிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையுறை இப்போது தட்டையாக இல்லை. ஐந்து விரலும் நிறைந்திருந்தன. துவாலையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அது மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. இழையைப் பார்ப்பதுபோல. அவள் தேய்ப்பதுபோலவே.