மூன்றாவது தண்ணீர்

குளியலறையின் இடப்பக்கச் சுவர் நனையவே இல்லை. ஷவரைத் திறந்தால் தண்ணீர் வலப்பக்கச் சுவரில் வழிந்து, தரையில் பரவி, நடுவில் யாரோ கோடு கிழித்து நிறுத்தியதுபோல் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தரை, சித்திரை வெயிலில் மொட்டைமாடி காய்கிற மாதிரி காய்ந்து கிடந்தது. முதல் வாரம் தஸ்லிமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஓட்டையெல்லாம் உப்பு அடைச்சிருக்கு தங்கச்சி," என்றார் குழாய் வேலை பார்க்கும் ஞானசிகாமணி. "போர் தண்ணி அப்படித்தான் பண்ணும். ஷவர மாத்திருங்க, சரியாப் போவும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மாவா? ஷவருக்குப் பேச வாய் இல்லை. பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது.

தம்மாமில் வேலை பார்க்கும் அவள் புருஷன் யாசர், போனில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். "எல்லாத்தையும் மாத்திரு தஸ்லி. உம்மா வழுக்கி விழுந்த இடம் அது. நான் வரும்போது அந்தப் பழைய தரை என் கண்ணுல படக்கூடாது." அவன் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவனுடைய உம்மா ஜனாபா, தஸ்லிமாவின் மாமி, மவுத்தாகி நாற்பது நாள் முடிந்திருந்தது. லீவு கிடைக்காமல் அடக்கத்தைப் போனில் பார்த்தவன் அவன். "நீ உன் கையால உம்மாவக் குளிப்பாட்டி அனுப்புன. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். தஸ்லிமா 'ம்' கொட்டுவாள். இந்த நாற்பது நாளில் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நெடுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போவதுபோல் நெஞ்சு மரத்துப்போயிருந்தது.

பாளையங்கோட்டையில் தளவாய் அண்ணாச்சியின் கடைச் சுவர் முழுக்க ஷவர்கள் வரிசையாகத் தொங்கின. வட்டம், சதுரம், தாம்பாளம் அகலத்தில் ஒன்று. எதிலும் தண்ணீர் இல்லை. தஸ்லிமா ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று, அண்ணாந்து, இடதுகையை நீட்டி அளந்து பார்த்தாள்.

"இது மழை மாதிரி கொட்டும்மா," என்றார் அண்ணாச்சி.

"இடப்பக்கமும் விழுமா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "தண்ணிக்கு ஏதும்மா இடமும் வலமும்?"

அகலமானதையே எடுத்தாள். கூடவே நீளமான குழலோடு கையில் பிடிக்கிற ஷவர் ஒன்றும். மேலிருந்து விழாவிட்டால் கையால் ஊற்றிக்கொள்ளலாம். பெட்டியில் வைத்துக் கட்டும்போது நாசியில் ஏறியது ஒரு வாசனை.

"சூடம் கொளுத்துனீங்களா அண்ணாச்சி?"

"இல்லயேம்மா. காலைல ஊதுபத்தியோட சரி."

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அது அவளோடு வந்தது.

மய்யித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்ட ஒரு முறை உண்டு. முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தண்ணீரில் சூடம் கரைத்திருக்கும். அன்று அந்தக் குளியலறையில்தான் பலகை போட்டிருந்தார்கள். குளிப்பாட்ட வந்த செய்யதலி பாத்திமா, "பைய சாய்க்கணும்மா, அவங்களுக்கு வலிக்கும்" என்று சொல்லிச் சொல்லி மாமியின் தோளில் கைகொடுத்துச் சாய்ப்பாள். தஸ்லிமா ஊற்றுவாள். மூன்றாவது முறை வலப்பக்கம் முடிந்ததும், உடம்பில் சுற்றுகிற கபன் துணியை எடுத்துவைக்கப் பாத்திமா திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அப்போது வாளி காலி, இடப்பக்கம் பாக்கி. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது. வாசலில் மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்துவிட்டது, ஆண்கள் அவசரப்படுத்தினார்கள்.

"மூணாவது தண்ணி ஊத்தியாச்சா?" என்று பாத்திமா திரைக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு வாளி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். மாமியின் படுக்கையருகே நாலு ராத்திரி கண் மூடாத அசதி. "ஊத்தியாச்சு" என்றாள் தஸ்லிமா. யாசருக்கு இது தெரிந்தால் அவனிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஞானசிகாமணி வெள்ளிக்கிழமை காலையில் வேலையை முடித்தார். புதுத் தரை, புதுக் குழாய்கள். "வாட்டம் சரியா குடுத்திருக்கு தங்கச்சி. ஒரு சொட்டு நிக்காது. மேல்தொட்டியும் ரொம்பிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். தஸ்லிமா கதவைச் சாத்திவிட்டு, உடுத்திய துணியோடு நின்று ஷவரைத் திறந்தாள்.

தண்ணீர் எல்லாப் பக்கமும் விழுந்தது. இடப்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்து பளபளத்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

நடுவில் ஒரு இடம் நனையவில்லை. தலை. தோள். லேசாக மடங்கிய முழங்கால். வலப்பக்கம் கீழே, இடப்பக்கம் மேலே, ஒருக்களித்துப் படுத்த ஆள் அளவு. அதன்மேல் விழுந்த தண்ணீரின் சத்தம் தரையில் விழுகிற சத்தமாக இல்லை. துணி போர்த்திய உடம்பின்மேல் விழுகிற சத்தம். அவளுக்கு அது தெரியும்.

சூடம் மணத்தது.

ஷவர் நின்றது. குழாயில் காற்று சீறியது. மேல்தொட்டி நிறைந்திருந்தது, காற்றுதான் சீறியது.

"மூணாவது தண்ணி," என்றது மாமியின் குரல், தரையிலிருந்து, கோபமே இல்லாமல். "ஊத்தியாச்சா?"

அடுப்படியில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பத்து எட்டு. எடுத்துவந்து ஊற்றியிருக்கலாம். இல்லை மாமி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாசரின் முகம் ஞாபகம் வந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

"ஊத்தியாச்சு மாமி."

தண்ணீர் மறுபடி கொட்டியது. தரையில் அந்த இடம் இல்லை. எங்கும் ஈரம்.

வலது தோள் குளிர்ந்தது. வலது காதில் தண்ணீர் இறங்கியது. இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டைக் கை உலர்ந்திருந்தது. இடப்பக்கத்து முடி உலர்ந்திருந்தது. நெற்றி நடுவிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. இடது கையைக் கிள்ளினாள். வலிக்கவில்லை.

கதவு சாத்தியே இருந்தது. பின்னாலிருந்து அவள் தோளுக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. வலிக்காதபடி, பைய, அவளை ஒருக்களித்துச் சாய்த்தது, இடப்பக்கம் மேலே வரும்படி.