ஏழு பித்தளை ஆணிகள்

நாடக ஆசிரியரின் வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்தவர் அவருடைய மருமகள். எழுபது வயதிருக்கும். வாசற்படி வரை வந்தவர், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

பழைய வீடுகளை இருந்தது இருந்தபடியே பழுதுபார்ப்பது என் வேலை. மர வேலைகளுக்கு என் தம்பி. பட்டறையில் அவனை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அக்காவான நான். மூன்று வாரத்தில் வேலையை முடித்து, பெரியவர் வாழ்ந்த வீடு என்று மக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும்.

கூடத்தின் மரத்தரையில் அங்கங்கே ஏழு பித்தளை ஆணிகள் பதிந்திருந்தன. சுவரோரம் கைவைத்த நாற்காலி ஒன்று கிடந்தது.

"இந்த ஆணியெல்லாம் எதுக்கும்மா?" என்று தம்பி கேட்டான்.

"ஒத்திகைக்கு. வீட்டு ஆளுங்களையே நிக்க வெச்சுப் பாப்பார். ஆளுக்கு ஒரு ஆணி. நாற்காலியில உக்காந்து அவர் போதும்னு சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது."

"அசைஞ்சா?"

"அசைஞ்சதே இல்ல." மருமகள் தெருவைப் பார்த்தபடி பேசினார். "ஒரு நாள் ஒத்திகை நடுவுல, உக்காந்தபடியே அவர் உயிர் போயிடுச்சு. நான் சமையல்கட்டுல இருந்தேன். ஆறு பேரை அக்கம்பக்கத்துக்காரங்க இழுத்து வெளிய கொண்டுவந்தாங்க. அவங்களும் ரொம்ப நாள் இருக்கல. ஜன்னல்கிட்ட நின்ன என் நாத்தனாரை மட்டும் அசைக்கவே முடியல. இருட்டறதுக்குள்ள நின்னபடியே போயிட்டா."

வருகிறவர்களுக்குச் சொல்ல நல்ல கதை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் ஜன்னலோரப் பலகையைத் தம்பி பெயர்த்தான். மழைத்தண்ணீர் இறங்கி மக்கிப்போயிருந்தது. புதுப் பலகையைப் பொருத்தி, பழைய ஆணியைப் பழைய இடத்திலேயே நூல் பிடித்து அடித்தான். இம்மி பிசகக் கூடாது என்று தலைமேல் நின்று வேலை வாங்கியது நான்தான். பிறகு நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாமல் குறுக்கே கயிறு கட்டினேன்.

பலகை ஆடுகிறதா என்று பார்க்க அவன் ஆணிமேல் ஏறி நின்றான்.

தெருவில் கேட்டுக்கொண்டிருந்த வண்டிச் சத்தம் நின்றுபோனது. கூடத்தில் முகப்பவுடர் வாசனை எழுந்தது. அதற்கடியில் பல பேரின் வியர்வை நாற்றம்.

"என்னடா, சாப்பிட வரலையா?"



சுத்தியல் பிடித்த கை அந்தரத்தில் நின்றிருந்தது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

விளையாடுகிறான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். என் கைதான் வலித்தது. இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். பாதம் தரையை விட்டு வரவில்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"போதும்" என்றேன். கத்தியும் சொன்னேன். கெஞ்சியும் சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மருமகளுக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"யார் சொல்றாங்கங்கறது கணக்கில்லம்மா. எங்க உக்காந்து சொல்றாங்கங்கறதுதான்."

"அப்போ அன்னிக்கு நீங்க ஏன் சொல்லல? உங்க நாத்தனாராச்சே."

"நாற்காலியில அவர் இருந்தாரே."

"அவரைத்தான் தூக்கியிருப்பீங்களே. அதுக்கப்புறம்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

தம்பியின் மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. மூக்கருகே கை வைத்தால்தான் தெரிந்தது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். எனக்கு அவனை விட்டால் யாருமில்லை.

நாற்காலிக் கயிற்றை உளியால் அறுத்தேன்.

உட்கார்ந்தேன்.

இருக்கை சூடாக இருந்தது.

"போதும்."

சுத்தியல் தரையில் விழுந்தது. தம்பி முழங்கால் மடங்கி, ஊ என்று மூச்சை இழுத்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாடா, வீட்டுக்குப் போயிடலாம்."

பலகை கிரீச்சிட்டது.

சத்தம் வந்தது அவன் இருந்த இடத்திலிருந்து இல்லை. கூடத்தின் நடுவில். பிறகு கதவோரம். பிறகு எனக்குப் பின்னால். ஆறு இடங்களிலிருந்து ஆறு பேரின் நடை, வெறும் தரையில், நிதானமாக என் முன்னால் வந்து நின்றது.

எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு அசையவில்லை.

தம்பி எழுந்தான். ஆள் தெரியாத அந்த வரிசையின் ஓரத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் பயமே இல்லை.

"அடுத்து நாங்க என்ன செய்யணும், ஐயா?" என்று என்னைக் கேட்டான்.