தலையில்லாத ஏழு பேர்

காலை 10.10. தையல்காரர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். தோள் அடிக்கடி தூக்கித் தூக்கிப் போட்டது.

“தள்ளி நில்லும்மா,” என்றார் மகளிடம். “அளவு கொடுக்க ஏழு பேர் வந்திருக்காங்க. ஒருத்தருக்கும் தலை இல்ல.”

அந்த அறையில் ஏழு பேர் நிற்க இடமே கிடையாது. ஆனாலும் மகள் தள்ளி நின்றாள்.

10.25. புற்றுநோயாளிகளை வீடு தேடிவந்து பார்க்கும் நர்ஸ் வந்தார். மண்டையைப் பிளக்கும் வெயில். சந்தெல்லாம் காய்ந்து கிடக்க, இந்த வீட்டு ஜன்னலடியில் மட்டும் பாசி. வழுக்கி விழாமல் தப்பித்தார்.

உள்ளே மகளின் தம்பி கோபத்தில் குதித்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சலித்துப்போய் அக்கா வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்துவிட்டாளாம். மார்ஃபின் அட்டைகள் அவன் சட்டைப்பையில் இருந்தன. இனி ஒன்றுகூடக் கிடையாது என்றான். மாத்திரை நின்றால் அப்பா எப்படிக் கதறுவார் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்த அவள் அப்பாவின் தலையணையைச் சரிசெய்தாள்.

நர்ஸ் மாத்திரைகளை வாங்கி எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது.

“தண்ணி குடிக்கிறாரா?”

“நாளுக்கு நாலு செம்பு வைக்கிறேன், சிஸ்டர். காலியாயிடுது.”

“ஒன்னுக்குப் போனது?”

மகள் யோசித்தாள். “நேத்து காலைல.”

தையல்காரரின் நாக்கு காய்ந்த தோலாக இருந்தது. நர்ஸ் ஜன்னல் வழியே கீழே இருந்த பாசியை எட்டிப் பார்த்தார். பிறகு தையல்காரரின் காதருகே குனிந்தார்.

“தண்ணியை ஏன்யா வெளிய ஊத்துறீங்க?”

நூல் கோத்த விரல்கள் நின்றன. “குடிச்சா ஒன்னுக்கு வரும். அவதான் தூக்கணும். தூக்குறப்ப முனகுறா.”

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“உங்க அக்கா அளவு மாத்தல,” என்றார் நர்ஸ் தம்பியிடம். “தண்ணி இல்லாம சிறுநீரகம் மந்தமாயிடுச்சு. மருந்தோட கழிவு வெளியேறாம உடம்புல தேங்கி மூளையைக் குழப்புது. தோள் துள்ளுறது, தலையில்லாதவங்க, எல்லாம் அதனாலதான்.”

தம்பி தலைகுனிந்தான். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தார். மார்ஃபினைக் குறைத்து, சலைன் ஏற்றி, வேறு வலி மருந்துக்கு மாற்றினார்கள். தூக்குவது தம்பியின் வேலையானது.

மூன்றாம் நாள், மாலை 4.30.

“ஏழு பேரும் போயிட்டாங்க,” என்றார் தையல்காரர். “ஒருத்தி மட்டும் நிக்கிறா.”

மகள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவர் மெல்லத் திரும்பி அவள் முகத்தையே பார்த்தார்.

“உட்காரும்மா. இடுப்பு வலிக்கும்.”