வேர்த்த குண்டான்

ஒரு கொலை கேஸாவது வராதா என்று அஜித்குமார் வெகு நாளாக ஏங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் வந்தது. ஆனால் செத்தது ஒரு பசுமாடு.

உளுந்தூர்பேட்டையில் டயர் கடை மாடியில் இருக்கிறது செந்தமிழ்ச்செல்வியின் துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் வீட்டில் சொன்னதெல்லாம் உண்மையா என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே வழக்கமான தொழில். செல்வி அதற்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பிள்ளைகள் எதை உடைத்தாலும் குரலை உயர்த்தாதவர் என்று பெயர். அவருடைய உதவியாளன் அஜித்குமார் அப்படியல்ல. வந்த பெண்மணி நாற்காலியில் உட்காருவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிட்டான்.

வந்தவள் பூமாலை. களமருதூர்க்காரி. கூலி வேலை. காலையும் மாலையும் அரங்கநாதன் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்வாள்.

"நான்தான் மாட்டக் கொன்னுட்டேன்னு தெருவுல நின்னு கத்துறாங்க மேடம். இப்ப ஒருத்தரும் வேலைக்குக் கூப்புட மாட்றாங்க. நான் நடந்து போனா, கட்டியிருக்கிற ஆட்டக்கூட அவுத்து உள்ள இட்டுக்கினு போறாங்க. அந்த ஊர்ல நான் எப்படிப் பொழைக்கிறது?"

"மாடு எப்படிச் செத்தது?"

"யூரியா குடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மத்தியானத்துக்குன்னு காலைலயே தவிட்டுத் தண்ணி கலந்து கொட்டாயில ஓரமா வெச்சது நான்தான். அதுல யூரியாவப் போட்டுட்டேன்னு சொல்றாங்க. கன்னுக்குட்டிய வாரத்துக்குக் கேட்டேன், நான் வளத்து பலன்ல பாதி எடுத்துக்கலாம்னு. அரங்கநாதன் ஐயா குடுக்கல. அந்தக் கோவமாம்."

"அதுக்கப்புறம் மாட்டை எப்போ பார்த்தீங்க?"

"உச்சி வெயில்ல. அதுவரைக்கும் ஊர்க்கோடில வேர்க்கடலக் கொல்லையில களை வெட்டிக்கினு இருந்தோம். கூட வந்த ஆண்டாளுக்குத் தாகம். ரெண்டு பேரும் நேரா இவங்க வூட்டுக்கு வந்தோம். மாட்டு முன்னாடி குண்டான நகத்தி வெச்சிருந்தாங்க. அது குடிச்சிக்கினு இருந்துச்சி. குண்டான் மேல முத்து முத்தா வேர்த்திருந்துச்சி மேடம். ஆண்டாள்கூட தொட்டுப் பாத்து, ஐஸ் மாதிரி இருக்குதுன்னா. ஐயாவோட சம்சாரம், சின்னம்மாதான் பாவம் பாத்து ஜில்லுனு தண்ணி ஊத்தியிருக்குன்னு நெனச்சேன். மனசுக்குச் சந்தோஷமா இருந்துச்சி."

சொல்லிவிட்டு அழுதாள். செல்வி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

களமருதூரில் முதலில் ஆண்டாளைப் பார்த்தார்கள். பூமாலை சொன்னதை அவளும் அப்படியே சொன்னாள். கொல்லையிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். வரும்போதே குண்டான் வேர்த்திருந்தது. அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அஜித்குமாருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினான்.

அரங்கநாதன் வீட்டில் மூன்று பேர். மாடு செத்த அன்று அரங்கநாதன் திருநாவலூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பந்தியில் அவரைப் பார்த்தவர்கள் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள். வீட்டில் இருந்தது அரங்கநாதனின் மனைவி தேவதர்ஷினியும் தம்பி செழியனும்.

"அது பூமால வளத்த மாடுங்க. வேற யாரு தொட்டாலும் பால எக்கிக்கும், ஒரு சொட்டு விடாது," என்றார் அரங்கநாதன். மனைவியைக் கைகாட்டினார். "இவகூட ஒரு தடவ ஆசையா கறக்க உக்காந்தா. விட்டுச்சி பாருங்க ஒரு ஒதை! பூமால கைதான் வேணும் அதுக்குன்னு நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவளே இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா."

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. "நான் அன்னைக்கு கொட்டாய் பக்கமே போகல மேடம். எங்க வூட்ல விவசாயமே கெடையாது. யூரியா கருப்பா வெள்ளையான்னுகூட எனக்குத் தெரியாது."

"நான் ரூம்ல மேட்ச் பாத்துக்கினு இருந்தேன்," என்றான் செழியன். "கெணத்தங்கரை நெலத்த அப்பா அண்ணனுக்கே எழுதிட்டாரு. எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லன்னு சொல்லல. அதுக்கு மாடு இன்னா பண்ணும்?"

பின்கட்டில் வாய் திறந்த யூரியா மூட்டை ஒன்று சாய்ந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் அள்ளியிருக்கலாம்.

"தம்பிதான் மேடம்," என்று அஜித்குமார் கிசுகிசுத்தான். "பொறாமைன்னு அவரே ஒத்துக்கிட்டாரே."

"ஒத்துக்கிற பொறாமை அவ்வளவு ஆபத்தில்ல அஜித். நீ போய்க் கடையில ரெண்டு பாட்டில் ஜில் தண்ணி வாங்கி வா. யாருக்கும் தெரிய வேணாம்."

சற்று நேரத்தில் மாட்டுக் கொட்டாய்க்கு எல்லோரையும் அழைத்தார் செல்வி. பூமாலை தள்ளி நின்றாள். தரையில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் குண்டான்கள். இரண்டிலும் தவிடு மிதந்தது. ஒன்றின் வெளிப்பக்கம் வேர்த்து வழிந்தது, இன்னொன்று காய்ந்திருந்தது.

"ஒண்ணுல யூரியா இருக்கு. இன்னொண்ணுல உப்புத்தான். எது எதுன்னு அப்புறம் சொல்றேன்," என்ற செல்வி, தொலைபேசியில் அழைப்பு வந்ததுபோல் அந்தப் பக்கம் திரும்பினார்.

ஓரமாகக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அஜித்குமாரின் கையிலிருந்து கயிறு நழுவியது. தாயில்லாத பசி. அது நேராகக் குண்டான்களை நோக்கி ஓடியது.

"டேய், கன்னப் புடிடா!" என்று அரங்கநாதன் கத்தினார். செழியன் பாய்ந்து கயிற்றைப் பிடித்தான். அது அவன் கையை அறுத்துக்கொண்டு போனது. தேவதர்ஷினி கன்றின் பக்கமே போகவில்லை. ஓடிவந்து, வேர்த்திருந்த குண்டானைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள். மற்றதில் கன்று வாய் வைத்தது. அவள் அதைத் தடுக்கவில்லை. மூச்சு வாங்க நின்றாள்.

செல்வி திரும்பினார்.

"பயப்படாதீங்க, அதுல உப்புகூட இல்ல. ஆம்பளைங்க ரெண்டு பேரும் கன்றைப் பிடிக்கப் பார்த்தாங்க. எதுல விஷம்னு அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சதுங்க?"

"அது... வேர்த்திருந்துச்சி."

"வேர்த்தா யூரியான்னு யார் சொன்னாங்க? நீங்க இப்போ கொட்டினது வெறும் ஜில் தண்ணி."

அரங்கநாதன் மனைவியையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில போட்டா கொதிக்கிறதைப் பார்த்திருப்பீங்க," என்றார் செல்வி, பழைய ஆய்வகத்தில் பேசுகிற அதே குரலில். "அது தண்ணியோட சேர்ந்து வேற பொருளாவே மாறிடுது. மாறும்போது சூட்டை வெளியே விடுது. யூரியா அப்படியில்ல. யூரியாவாவேதான் இருக்கும், கரையும், அவ்வளவுதான். ஆனா கரையறதுக்குச் சூடு வேணும். அதைத் தண்ணிகிட்டயிருந்தே எடுத்துக்கும். நிறையப் போட்டா தண்ணி சட்டுனு குளிர்ந்துடும். காத்துல இருக்கிற ஈரம் குண்டான் மேல வந்து படியும்."

"அப்போ பூமாலை காலையில கலந்திருந்தா?" என்று அஜித்குமார் கேட்டான். அவனுக்கு இப்போது உண்மையாகவே புரிந்துவிட்டது. தனக்கு முன்னால் மேடத்துக்குப் புரிந்ததில் கொஞ்சம் வயிறும் எரிந்தது.

"காலையில் போட்டிருந்தா, உச்சி வெயிலுக்குள்ள தண்ணி பழைய சூட்டுக்கே வந்திருக்கும். குண்டான் காய்ஞ்சு கிடந்திருக்கும். நடுவுல ஜில் தண்ணி ஊத்தினதா இங்க யாரும் சொல்லல. அவங்க வர்றதுக்குச் சற்று முன்னாலதான் யாரோ போட்டிருக்காங்க. பூமாலை அப்போ கடலைக் கொல்லையில் இருந்தாங்க. கலக்கின கைக்குத்தான் அந்தக் குளிர்ச்சி ஞாபகம் இருக்கும்."

தேவதர்ஷினி கொட்டாய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவும்னு நெனைக்கல. வயித்தால போவும், இவள வேணாம்னு நிறுத்திடுவாங்கன்னுதான்... பூமால வந்தாளா, பூமால சாப்ட்டாளா, பூமாலகிட்ட கேளு. எப்பப் பாத்தாலும் அவ பேருதான். கூலிக்கு வர்றவ மேல எனக்குப் பொறாமைன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அரங்கநாதன் தொண்டையைச் செருமினார்.

"மேடம், இது வூட்டு விஷயம். உள்ளயே முடிச்சிக்கலாம். பூமால, அந்தக் கன்னுக்குட்டிய நீயே வெச்சிக்கோ. வாரமெல்லாம் வேணாம், சும்மாவே ஓட்டிக்கினு போ."

"கன்னு வேணாங்க," என்றாள் பூமாலை. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "மாட்ட நான்தான் கொன்னேன்னு தெருவுல நின்னு சொன்னீங்க. தெருவுல நின்னே இல்லன்னு சொல்லுங்க. அது போதும்."

"அதெப்படி? எங்க மானம் இன்னா ஆவறது?"

"எனக்கு இருக்கிறதும் அதாங்க."

தேவதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவர் தடுப்பதற்குள் வீட்டைக் கடந்து வாசலுக்குப் போய்விட்டாள். குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் யூரியாவப் போட்டேன்," என்றாள் உரக்க. "பூமால ஒண்ணும் பண்ணல. அவ மேல எனக்குப் பொறாமை."

ஆட்டை அவிழ்த்து உள்ளே கொண்டுபோனவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிறகு ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பூமாலையின் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி வந்தாள். நாளைக்கு எங்க கொல்லைக்கு வா என்று ஒருத்தியும், இல்லை, முதலில் எங்களுக்குத்தான் என்று இன்னொருத்தியும் சொல்லிக்கொண்டார்கள். பூமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாசற்படியில் தனியாக நின்ற தேவதர்ஷினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி பக்கத்தில் வந்ததும் மெல்லிய குரலில் சொன்னாள்:

"பாருங்க மேடம், இப்பவும் அவ பேருதான்."

செல்வி குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார்.