ஆளில்லாத நேரத்துக் கடன்

“நான் வாங்காத கடனுக்கு நான் எப்பிடி, அபூசாலிக் காக்கா, கள்ளியாகிற?”

சல்மா உம்மா படியேறி வந்த வேகத்தில் கேட்டார். கல்முனைக் கடைத்தெருவில் ஞானராணி நடத்தும் தட்டெழுத்து வகுப்பு அது. ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் அபூசாலி பகலெல்லாம் அங்கேதான் பத்திரிகை படிப்பார். பத்திரிகையை மடித்தார்.

நற்பிட்டிமுனையில் சல்மா உம்மாவுக்கு ஒரு வயல் துண்டு. பெரும்போக விதைப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனவரை, போன வருடக் கடனையே கட்டவில்லை என்று விரட்டிவிட்டார்கள். அதுவரை அந்த வங்கி வாசலையே அவர் மிதித்ததில்லை.

“இப்ப அரிசி மில் கச்சிமுகம்மது ஹாஜியார் காசு தாறாராம். வயலெ ஈடு எழுதணுமாம். மழையும் இறங்கிட்டு. இந்தக் கிழமை விதைக்காட்டித் தரிசுதான்.”

“கடன் பத்திரத்தில இருக்கிற கைநாட்டைக் கொழும்புக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பாத்தா?” என்றாள் ஞானராணி ஆர்வமாக.

“பதில் வரக்குள்ள வயல் அறுப்பும் முடிஞ்சிரும், பிள்ள. எழும்புங்க, வங்கிக்குப் போவம்” என்றார் அபூசாலி.

வங்கியில் கடன் பகுதிக் கிளாக்கர் குணம் தடுமாறாமல் பதில் சொன்னான். “போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரைக்கு வந்து விரல் வச்சவ. ஹாஜியார்தான் கூட்டிவந்தவர், சாட்சியும் அவர்தான். வங்கியில வேற ஒரு குருவி இல்ல.”

“உண்மை போலக் கிடக்கே, ஐயா?” ஞானராணி கிசுகிசுத்தாள்.

“நேரத்த நல்லாத் தேடி எடுத்திருக்கான்” என்றார் அபூசாலி.

ஹாஜியாரை மனேஜரின் அறைக்கு அழைத்தார்கள்; குணமும் வந்து நின்றான். வந்தவர் சல்மா உம்மாவைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

“எனக்கு முன்னாலதான் இவ விரல் வச்ச. அல்லாஹ்வுக்குப் பயந்து கதைக்கணும்!”

“அது சரி ஹாஜியார், ஊரில ஒரு கதை” என்றார் அபூசாலி பணிவாக. “போன வருசம் நீங்க சில வெள்ளிக்கிழமையில ஜும்ஆத் தொழுகைக்கு வரல்லையாமே?”

“எந்த நாய் சொன்ன? ஒரு ஜும்ஆ விட்டிருக்கேனா? பாங்கு சொல்ல முதல் போய், முன் வரிசையில, இமாமுக்குப் பின்னால இருக்கிறவன் நான்! ஊரே சாட்சி!”

“அப்ப அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு இந்த வங்கியில நிண்டது ஆரு?”

ஹாஜியார் குணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அபூசாலி மனேஜரிடம் திரும்பினார். “பொய்யை ஆரும் மறுக்கக் கூடாதெண்டு குணம் ஆளில்லாத நேரமாப் பாத்துச் சொன்னார். ஆனா ஆளெல்லாம் எங்க போன? பள்ளிவாசலுக்கு, ஜும்ஆ தொழ! முழுப் பள்ளியும் அங்க ஹாஜியாரைப் பாத்திருக்கு.”

“அண்டைக்கு மட்டும் நான்...” என்று தொடங்கிய ஹாஜியார் கதவைப் பார்த்தார். சத்தம் கேட்டுக் கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அவருக்குப் பின் வரிசையில் தொழுபவர்கள்.

“நான் தனிய மாட்ட மாட்டன்!” குணம் கத்தினான். “மில்லில வச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க! விரல் அடையாளமும் உங்கட வேலையாளுட!”

சல்மா உம்மா ஹாஜியாரின் முன்னால் போய் நின்றார். “என்ட பேரில களவெடுத்த காசத் தந்து, என்ட வயலயே புடுங்கப் பாத்தீங்களா? நீங்கெல்லாம் ஒரு ஹாஜியா?”

மனேஜர் குரலைத் தாழ்த்தினார். “ஆறுதலா இருங்க, அம்மா. நாங்க விசாரிச்சு, தலைமை அலுவலகத்துக்கு எழுதி, பதில் வந்த பிறகு உங்கட கடனை...”

சல்மா உம்மா கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“என்னைக் கள்ளியெண்டு விரட்டக்குள்ள ஆருக்கு எழுதிக் கேட்டீங்க, மகன்?”

கதவடியில் யாரோ “கேளுங்க உம்மா!” என்றார்கள். மனேஜர் தலைகுனிந்து மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, எழுதாத கடன் விண்ணப்பம் ஒன்றை எடுத்து சல்மா உம்மாவின் முன் வைத்தார்.