பாதித் தலையில் ஓர் இடைவேளை

அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கடுகைத் தவிர.

கடுகு என்பது அவளுடைய செல்லப் பெயர். வயது பத்து. ஆள் சிறியவள், பேச்சில் காரம் அதிகம் என்று அப்பாதான் அந்தப் பெயரை வைத்தார். தம்பிக்கு வயது ஐந்து. அவனுக்குச் சர்க்கரை என்று பெயர். அதையும் அப்பாதான் வைத்தார். அவனுக்குச் சர்க்கரை, நமக்கு மட்டும் கடுகா என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

அப்பா சிகரெட்டை விட்டால் அவளும் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்கேதான் கதையே இருக்கிறது.

இரவெல்லாம் அப்பா இருமுவதைக் கேட்டு, விடுங்க, விடுங்க என்று பல நாளாகத் தொண்டை வற்றக் கத்தியவள் கடுகு. ஒருமுறை சிகரெட் பெட்டியை அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளித்து வைத்தாள். அம்மா அதைக் கவனிக்காமல் ஊறவைத்ததில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு காப்பி நிறமானது. திட்டு வாங்கியவள் கடுகு. இன்னொருமுறை, புகையால் கறுத்துப்போன நுரையீரலைப் படமாக வரைந்து அப்பாவின் சலூன் கண்ணாடியில் ஒட்டினாள்.

“இது என்ன, பூசணிக்காயா?” என்று கேட்டார் முடி வெட்ட வந்த தபால்காரர். கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

பிறகு ஒருநாள், அப்பாவின் மடியில் ஏறிய சர்க்கரை மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, உங்க மேல நாத்தம் அடிக்குது. இனிமே நான் உங்க மடியில உக்கார மாட்டேன்.”

அவ்வளவுதான். அப்பா அன்றைக்கே சிகரெட் பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரும் சர்க்கரையின் கன்னத்தைக் கிள்ளினார்கள். “ஒரே வார்த்தை, அப்பாவை மாத்திட்டானே,” என்றார்கள். அவன் கன்னம் சிவந்தது. கடுகின் வயிறு எரிந்தது. அப்பா புகை விடுவதை நிறுத்தினார், இவள் காதிலிருந்து புகை வர ஆரம்பித்தது.

“யார் சொன்னா என்னடி? விட்டுட்டாரே, அது போதாதா?” என்றாள் அம்மா.

“எனக்கு என்ன? நான் ஒண்ணும் சொல்லலையே,” என்றாள் கடுகு. சொல்லாததெல்லாம் அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அம்மா துணி ஆலையில் வேலை செய்தாள். அவள் திரும்பும் வரை பிள்ளைகள் இருவரும் பள்ளி முடிந்து சலூனில் இருப்பார்கள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அங்கேதான் அந்த விபரீதத்தைக் கடுகு முதலில் பார்த்தாள்.

அப்பாவுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

“ஓரத்துல மட்டும் லேசா,” என்று சொல்லி உட்கார்ந்த பஸ் டிரைவர் எழுந்தபோது அவர் மண்டை பளபளத்தது. தபால்காரர் தொப்பியை மாட்டினார். அது நேராகக் காதுவரை இறங்கியது. பள்ளிக்கூட வாத்தியார் மறுநாளே வந்து, “எங்க வீட்டு நாய் என்னைப் பாத்துக் குரைக்குதுப்பா,” என்று வருத்தப்பட்டார்.

அப்பா தலையைச் சொறிந்தார். “என்னன்னே தெரியல சார். கை அதுபாட்டுக்கு வெட்டிட்டே போகுது. முன்னாடியெல்லாம் பாதி வெட்டினதும் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வருவேன். வந்து பாத்தா, எங்க வெட்டணும், எங்க விடணும்னு பளிச்சுனு தெரியும்.”

“அப்ப நீ சிகரெட்டையே பிடி. எங்க தலையாவது தப்பிக்கட்டும்,” என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த சில நாட்களில் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. சர்க்கரை அதில் படுத்தே தூங்கினான். அப்பா சும்மாவே கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்.

நல்லா வேணும், என்று நினைத்தாள் கடுகு. ஒரே வார்த்தையில் மாற்றினானே, இப்போது வந்து முடியை ஒட்ட வைக்கட்டும்.

ஒரு மாலை, இளைஞர் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார்.

“அண்ணே, நாளைக்கு எனக்குக் கல்யாணம். பாத்துப் பண்ணுங்க. ஊரே போட்டோ எடுக்கும்.”

அப்பாவின் முகம் வெளிறியது. மாப்பிள்ளைக்குத் துணியைப் போர்த்தினார். சீப்பை எடுத்தார். கத்தரி மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடித்தது. பாதித் தலையில் சட்டென்று நின்றது.

“ஒரு நிமிஷம் தம்பி,” என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போனார்.

கடுகு பூனைபோலப் பின்னால் போனாள்.

கொல்லைச் சுவரோரம் அப்பா நின்றிருந்தார். ஒரு கையில் ஒற்றைச் சிகரெட். இன்னொரு கையில் தீப்பெட்டி. இன்னும் பற்ற வைக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்ததும் கடுகுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வீட்டுக்கு ஓடிப்போய், “உங்க சர்க்கரை சொன்ன சொல்லு எவ்வளவு நாள் தாங்குச்சு பாருங்க,” என்று சொல்லலாம். கன்னம் கிள்ளுகிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லலாம்.

அப்பா திரும்பினார். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போல முழித்தார்.

“டிரைவர் குடுத்தாரு,” என்றார். பிறகு மெல்ல, “சர்க்கரைகிட்ட சொல்லிடாதம்மா.”

கடுகுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அவனுக்குத் தெரிஞ்சாதான் தப்பா? எனக்குத் தெரிஞ்சா பரவாயில்லையா? நான்தானே முதல்லேருந்து சொன்னேன். நான் சொன்னப்போ ஏன் விடல?”

அப்பா தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டார்.

“நீ சொல்லும்போதெல்லாம் பயமா இருக்கும்,” என்றார். “விட முயற்சி பண்ணி, முடியாமப் போச்சுன்னா, உன் முகத்தை எப்படிப் பாக்கறதுன்னு. அதான் சிரிச்சு மழுப்புவேன், இல்லன்னா திட்டுவேன். இப்ப பாரு, முடியலைதான்.”

அவர் குரலை அப்படி அவள் கேட்டதே இல்லை. எல்லோரிடமும் காட்டிக்கொடுக்கும் ஆசை எங்கேயோ போய்விட்டது. அப்பா மறுபடி இருமத் தொடங்குவாரே என்ற பயம் மட்டும் மிஞ்சியது.

“இப்ப அது எதுக்கு?” என்று சிகரெட்டைக் காட்டிக் கேட்டாள்.

“இதைப் பிடிச்சாதான் அந்தத் தலையில என்ன செய்யணும்னு தெரியும். வேற வழி தெரியலம்மா.”

கடுகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அப்பா சிகரெட் பிடிப்பதை அவளைப்போல உற்றுப் பார்த்தவர் யாரும் இல்லை. பிடிக்காத விருந்தாளியை முறைப்பதுபோல அந்தச் சிகரெட்டை முறைத்திருக்கிறாள். அப்பாவிடம் தனியாகப் பேச அவளுக்குக் கிடைக்காத நேரமெல்லாம் அதற்குத்தானே கிடைத்தது. கடைக்குள் புகைக்கக் கூடாது என்று அப்பா தெருவைத் தாண்டிப் போவார். எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்பார். வாயிலிருந்து புகை போய்க்கொண்டிருக்கும். கண்கள்?

“அப்பா, கம்பத்துகிட்ட நின்னுக்கிட்டு நீங்க எதைப் பாப்பீங்க?”

“எதைப் பாப்பேன்? கடையைத்தான்.”

“கடையில?”

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றார்.

“தலையை,” என்றார்.

“இப்ப ஏன் அங்க போறதில்ல?”

“பக்கத்துலயே பெட்டிக்கடை. போனா வாங்கத் தோணும்னு போறதில்ல.”

“தனியாப் போனாதானே தோணும்? வாங்க.”

அவள் அவருடைய வலது கையைப் பிடித்தாள். அந்தக் கையில்தான் சிகரெட் இருந்தது. அவர் அதை இடது கைக்கு மாற்றினார், பார்த்தார், இரண்டாக ஒடித்துப் போட்டார்.

இருவரும் கடைக்குள் புகுந்து, மாப்பிள்ளையைத் தாண்டி, முன்கதவு வழியாக வெளியேறித் தெருவைக் கடந்தார்கள். விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று திரும்பினார்கள். கடை முகப்பின் பெரிய கண்ணாடி வழியாக மாப்பிள்ளையின் தலை தெளிவாகத் தெரிந்தது.

“இடது பக்கம் தூக்கலா இருக்கு,” என்றார் அப்பா. குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. “பின்னாடி போதும். இனிமே தொடக் கூடாது. காதோரம் மட்டும் ஒரு சின்ன வெட்டு.”

“பாத்தீங்களா? சிகரெட்டா வந்து சொல்லுச்சு?”

அப்பா சிரித்தார். ஆனால் அவர் பார்வை பெட்டிக்கடைப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. “ஆசை மட்டும் போகல கடுகு.”

“போற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்,” என்றாள் அவள். கணக்கு வாத்தியார் சாக்பீஸ் என்று நினைத்துப் பெப்பர்மின்ட்டால் பலகையில் எழுதப் பார்த்த கதையைச் சொன்னாள். அப்பா குலுங்கிச் சிரித்தார். இவ்வளவு நேரம் அப்பா அவள் பேச்சுக்கு மட்டும் காது கொடுத்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

மாப்பிள்ளை கதவைத் திறந்து, போர்த்திய துணியோடு எட்டிப் பார்த்தார். “அண்ணே, பாதித் தலையோட விட்டுட்டு ரெண்டு பேரும் என்னைக் காட்டிச் சிரிக்கிறீங்களா?”

அப்பா ஓடினார். நான்கே வெட்டில் வேலை முடிந்தது. மாப்பிள்ளை கண்ணாடியை விட்டு நகர மனமில்லாமல் நகர்ந்தார்.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. பாதித் தலை முடிந்ததும் அப்பா கத்தரியை வைப்பார். “கடுகு, வா,” என்பார். இருவரும் தெருவைக் கடப்பார்கள். அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தனியாகப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். அது கஷ்டம்தான் என்று அவளிடம் மட்டும் சொல்வார். பெஞ்சில் மறுபடி ஆட்கள் நிறைந்தார்கள். சர்க்கரைக்குப் படுக்க இடம் போயிற்று.

முடி வளர்ந்து, தொப்பி சரியான இடத்தில் நிற்கத் தொடங்கியதும் தபால்காரர் வந்தார். வந்ததும் சர்க்கரையின் கன்னத்தைக் கிள்ளினார். “ஒரே வார்த்தையில அப்பாவை மாத்தின பையன்ல?”

கடுகு நோட்டுப்புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அப்பா சீப்பைத் தட்டினார். “சிகரெட்டை விடச் சொன்னது அவன்தான் சார். விட வெச்சது இவ.”

கடுகு சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பயனில்லை. சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியிலும் அவள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு கண்ணாடியில் மட்டும் சர்க்கரை தெரிந்தான். அவன் உதடு பிதுங்கியிருந்தது. கன்னத்தைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்போது வயிறு எப்படி எரியும் என்று கடுகுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தபால்காரரின் பாதித் தலை முடிந்ததும், “கடுகு, வா,” என்றார் அப்பா.

அவள் வாசல்வரை போனாள். அது அவளுடைய நேரம். அவளுக்கு மட்டுமே கிடைத்த நேரம். நின்றாள். திரும்பி வந்து கையை நீட்டினாள்.

“வாடா. ஆனா வேடிக்கை பாக்கக் கூடாது. தலையை மட்டும்தான் பாக்கணும்.”

மூவரும் விளக்குக் கம்பத்தடியில் நின்றார்கள். சர்க்கரை கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

“வலது பக்கம் காதுமேல கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு,” என்றான்.

அப்பா பார்த்தார். “அடேயப்பா, சரியாச் சொல்லிட்டானே.”

கடுகுக்குக் கொஞ்சம் எரிந்தது. ஆனால் தம்பியின் கையை அவள் விடவில்லை.