கவிழ்த்து வைத்த ரொட்டி

டெக்சஸில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே பெல்ஷாம் என்று ஓர் ஊர். நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிரான்ஸில் அதே பெயருள்ள ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து முப்பது குடும்பங்கள் கலப்பையும் விதையுமாகக் கப்பலேறி வந்து உண்டாக்கியது. ஒரு கோயில், ரொட்டி சுட ஒரு பொது அடுப்பு, கல்லும் மரமும் வைத்துக் கட்டிய நாற்பது வீடுகள், அவ்வளவுதான் ஊர். 1996 மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்த நாகர்கோவில் டாக்டர் ஜெபதாஸ் தன் மனைவி ஜெயலீலாவோடும் ஐந்து வயது ஜோவானாவோடும் அங்கே வந்து இறங்கினான். டாக்டரே இல்லாத இப்படி ஓர் ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் அவனுக்கு கிரீன் கார்டுக்கு வழி பிறக்கும்.

ஊர்க்கோடியில் வீடு. கூரை ஒரு பக்கம் குட்டையாக மேலேயே நின்றது, மறுபக்கம் நீண்டு கையெட்டும் உயரத்துக்கு இறங்கியிருந்தது. சமையலறை உத்தரத்தில் கைக்கனத்துக்கு ஓர் இரும்புக் கொக்கி.

"இதக் கழட்டிடலாமாங்க? பாக்கவே நல்லா இல்ல."

"ஹெரிடேஜ் வீடும்மா. ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னு லீஸ்ல போட்டிருக்கு. வாழைத்தார் கட்டித் தொங்கவிடு" என்று சிரித்தான் ஜெபதாஸ்.

வீட்டுக்காரி ஒடீல் வந்தாள். எழுபத்தெட்டு வயது, குச்சி உடம்பு. கையில் துணியில் சுற்றிய பெரிய உருண்டை ரொட்டி. சனிக்கிழமைதோறும் பொது அடுப்பில் சுட்டு வீட்டுக்கு ஒன்று கொடுப்பது பிரான்ஸிலிருந்து வந்த வழக்கமாம். ரொட்டியின் அடிப்பக்கத்தில் கத்தி முனையால் சிலுவை கீறினாள். நிமிர்த்தி மேசையில் வைத்தாள். கொக்கி இருந்த பக்கம் பார்க்காமலே போய்விட்டாள்.

ரொட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் வியர்த்து மேசையே நனைந்திருந்தது. இட்லியைத் தட்டிலிருந்து துணியோடு கவிழ்த்துப் பழகிய கை ஜெயலீலாவின் கை. அது தன்பாட்டுக்கு ரொட்டியையும் கவிழ்த்து வைத்தது.

கவிழ்க்கக் கூடாது என்று ஒடீல் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டில் செருப்பை வைக்காதே என்று நாம் வருகிறவர்களிடம் சொல்கிறோமா? அந்த ஊரில் அதுவும் அப்படித்தான்.

மத்தியானம் பார்த்தபோது ரொட்டியில் கால்வாசி இல்லை. அறுக்கவில்லை, பிய்த்திருந்தது.

"ஜோவானா, நீயா பிச்சே?"

"நோ மம்மி. தி மேன் டுக் இட்."

"எந்த மேன்?"

"வித் தி பேக் ஆன் ஹிஸ் ஹெட். ஹி வாஸ் ஹங்ரி."

தலையில் சாக்கு மாட்டிய ஆள். டிவியில் கண்டதையும் பார்த்தால் இப்படித்தான் என்று ஜெயலீலா அதட்டினாள். எலி வேலை என்று முடிவு கட்டி மிச்சத்தைக் குப்பையில் போட்டாள். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அப்படியே. ரொட்டி வரும், அவள் கவிழ்ப்பாள், கால்வாசி போகும், மிச்சம் குப்பைக்கு. எலிப்பொறியில் ஒரு எலி கூட விழவில்லை என்பது மட்டும் அவளுக்கு உறுத்தியது. அந்தச் சமயங்களில் சமையலறையில் நனைந்த கயிற்று வாடை அடித்ததும் உறுத்தியது. ஜெபதாஸிடம் சொன்னால் கேலி பண்ணுவான் என்று விட்டுவிட்டாள்.

நான்காவது சனிக்கிழமை புயல் எச்சரிக்கை. கிளினிக்கை மூடிவிட்டு ஜெபதாஸ் வீட்டில் இருந்தான். பதினோரு மணிக்கே வானம் பாசி நிறத்துக்கு மாறி, சமையலறைக்குள் அந்தி போல இருட்டியது. முட்டைக் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கியதும், அவன் கவிழ்ந்து கிடந்த ரொட்டியைச் சுடச்சுட அறுத்தான். தனக்கு இரண்டு துண்டு. ஜோவானாவுக்கு ஒன்று, ஜாம் தடவி.

"நீயும் உக்காரேன்."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா."

பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுவது அவள் வழக்கம். அன்று அதுதான் அவளைக் காப்பாற்றியது.

கரண்ட் போய்விடும் என்று மெழுகுவத்தியோடு வந்த ஒடீல் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசையையே பார்த்தாள். மெழுகுவத்திகள் கையிலிருந்து உருண்டன.

"யார் அதைக் கவிழ்த்தது?"

"நான்தான். ஏன்?"

"துப்பச் சொல். இரண்டு பேரையும் இப்போதே துப்பச் சொல்."

ஜெபதாஸ் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டைக் கடித்தான். ஒடீல் சொன்னது இவ்வளவுதான். கவிழ்த்து வைத்த ரொட்டி தூக்குப் போடுகிறவனின் ரொட்டி. குற்றவாளிகளைத் தூக்கில் போட ஊருக்கு ஒருவன் இருந்தான், பெயர் பாஸ்தியன். குடியிருந்தது இந்த வீடு. அவன் ரொட்டியை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்று அடுப்புக்காரன் அதைக் கவிழ்த்து வைப்பான். ஒரு பஞ்ச வருடத்தில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பசி பொறுக்காமல் அதைத் தின்றுவிட்டார்கள். மூன்று பேரையும் அவன் இந்தக் கொக்கியில் தொங்கவிட்டான். ஊர் கூடி, மாவுச் சாக்கை அவன் தலையில் மாட்டி, இதே கொக்கியில் அவனையும் தொங்கவிட்டது.

"ரொட்டி வாயில் இருக்கிறவர்களைத்தான் பிடிப்பான். ஒருத்தரையாவது கொண்டுபோகாமல் போக மாட்டான்."

"தெரிஞ்சேவா எங்களுக்கு வீடு குடுத்தே?" ஜெயலீலா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கள் ஆட்கள் யாரும் இங்கே குடிவர மாட்டார்கள்" என்றாள் ஒடீல், தரையைப் பார்த்தபடி.

ஒடீலின் முதுகுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. வெளியே ஒரு சோளத்தட்டை கூட அசையவில்லை.

நனைந்த கயிற்று வாடை. அதோடு பழைய பன்றிக் கொழுப்பு வாடை.

உத்தரம் கிறீச்சிட்டது.

ஜெபதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாற்காலியிலிருந்து அவன் கழுத்து முதலில் எழுந்தது, உடம்பு பின்னால் போனது. கால்கள் மேசையை உதைத்தன. தட்டு உடைந்து குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. கொக்கியிலிருந்து அவன் தாடைக்குக் கீழே கறுத்த கயிறு ஒன்று இறுகிக்கொண்டே போனது. கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறமானது. விரல் நகங்கள் சொந்தக் கழுத்தையே கிழித்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

ஜெயலீலா மேசைமேல் ஏறினாள். நாகர்கோவிலிலிருந்து பெட்டியில் வந்த அரிவாள்மனையைப் பலகையோடு தூக்கி அந்தக் கயிற்றை வெட்டினாள். வெட்டு விழுந்த இடத்தில் சீழ் போலக் கசிந்ததே தவிர கயிறு அறவில்லை. அரிவாள்மனையை எறிந்துவிட்டு அவன் வாய்க்குள் கையை விட்டாள். பல் அவள் விரலை எலும்புவரை கடித்தது. ரத்தமும் ரொட்டியுமாக ஒரு கவளம் வெளியே வந்து விழுந்தது.

கயிறு விட்டது. ஜெபதாஸ் மூட்டையாகத் தரையில் விழுந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டான்.

அப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள்.

மூலையில் நின்றான். தலையில் மாவுச் சாக்கு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு உள்ளே போய் வெளியே வந்தது.

சாக்கு ஜோவானா பக்கம் திரும்பியது.

பிள்ளையின் கன்னம் உப்பியிருந்தது. பயத்தில் விழுங்கவும் முடியாமல், துப்பவும் தெரியாமல். ஜெயலீலா பாய்ந்துபோய் அவள் வாயில் விரலை விட்டு ரொட்டியைத் தோண்டி எடுத்தாள். ஜாமும் எச்சிலுமாக அது அவள் உள்ளங்கையில் இருந்தது.

அவன் போகவில்லை.

கையிலிருந்த சுருக்கை அகலமாக்கியபடி ஓரடி வைத்தான். இன்னோரடி வைத்தான்.

"ஆண்டவரே" என்று சொல்லி அந்த ரொட்டியைத் தன் உதடுவரை கொண்டுபோனாள் ஜெயலீலா. ஜோவானா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு "மம்மி" என்றாள்.

கை நின்றது.

பக்கத்தில் ஒடீல் சுவரோடு ஒட்டி நின்றாள். குழந்தைக்கு மருந்து புகட்டுவதற்குப் பிடிப்பது போல அவள் தாடையை ஜெயலீலா பிடித்தாள். கிழவி தலையை ஆட்டினாள், நகத்தால் கீறினாள். பல்லை நெம்பித் திறந்து, ரொட்டியைத் திணித்து, உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள் ஜெயலீலா. தொண்டை ஏறி இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

உலர்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

புயலில் கிழவி ஸ்டூலிலிருந்து விழுந்து கழுத்து முறிந்ததாக ஷெரிஃப் எழுதிக்கொண்டார். ஜெபதாஸுக்குப் பேச்சு வர இரண்டு மாதம் பிடித்தது. வந்த பிறகும் அவன் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. தரையில் கிடந்தபடி அவன் பார்த்தானா என்று அவளும் கேட்கவில்லை. மூன்று வருடத்தை வேறு ஊர் அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து முடித்துவிட்டு, நியூஜெர்சிக்குப் போனார்கள். அதன்பிறகு ஜெயலீலா வீட்டுக்குள் ரொட்டி என்று ஒன்று நுழைந்ததே இல்லை. பள்ளிக்கூட டப்பாவில் கூடத் தயிர்சாதம்தான்.

2001 மார்ச்சில் வெஸ்ட் வின்ட்சரில் சொந்த வீடு. பால் காய்ச்சி, பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போன மறுநாள் சனிக்கிழமை. ஜெபதாஸ் டியூட்டிக்குப் போயிருந்தான். நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது ஜெயலீலாவுக்கு. இத்தனை வருடம் பெட்டியிலேயே கிடந்த பழைய துணி இட்லித் தட்டை எடுத்து, இட்லி ஊற்றி, வெந்ததும் துணியோடு கவிழ்த்துத் தண்ணீர் தெளித்து உரித்தாள். ஏழு இட்லி, ஆவி பறக்க, அடி மேலாக.

சட்னி எடுக்கத் திரும்பினாள்.

நனைந்த கயிற்று வாடை.

ஜெயலீலா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தட்டில் ஆறுதான் இருந்தது. ஜோவானா மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் அம்மாவைப் பார்க்கவில்லை, அம்மாவுக்குப் பின்னால் பார்த்தது.

"மம்மி" என்றாள், தெளிவில்லாமல். "ஒடீல் இஸ் ஹியர்."

வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஜோவானாவின் வாய் நிறைய இட்லி இருந்தது.